தலையெழுத்தும் காந்த யந்திரமும்

தமிழ் மக்களைக் கெடுத்த சொற்களுக்கு ஒரு ஜாபிதா தயாரிப்பதானால், அதில் முதல் வரியில் எழுதப்பட வேண்டிய சொல் 'தலையெழுத்து' என்பதே நமது உறுதியான அபிப்பிராயமாகும். கூலி குறைந்தால் தலையெழுத்து. பிள்ளை பரீட்சையில் தவறினால் தலையெழுத்து. புருஷன் குடித்துவிட்டு வந்து அடித்தால் தலையெழுத்து. ரப்பர்த் தோட்டம் துண்டாடி விற்கப்பட்டு, மூன்று தலைமுறையாக இருந்த லயத்தை விட்டு வெளியேறும்படி நேர்ந்தாலும் தலையெழுத்து. இக்கேடு எதனால் வந்தது, யாரால் வந்தது, யார் மாற்றக்கூடியது என்னும் மூன்று கேள்விகளையும் ஒரே மூச்சில் கொன்றுவிடும் சக்தி இந்த ஒரு சொல்லுக்கு உண்டு. இவை எல்லாவற்றினும் கொடியது யாதெனில், புத்தி பேதலித்த ஒருவனைப் பார்த்து, 'அவன் தலையெழுத்து அவ்வளவுதான்' என்று சொல்லிவிட்டு, வைத்தியரிடம் கொண்டுபோகாமல் இருந்துவிடுவதேயாகும்.

பிரம்மதேவன் ஒவ்வொருவனுடைய விதியையும் மண்டையின்மேல் எழுதிவைத்திருக்கிறான் என்பதும், மண்டையோட்டில் வளைந்து வளைந்து காணப்படும் கோடுகளே அவ்வெழுத்து என்பதும் நம்மவர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கதை. அக்கோடுகள் யாவை என்று அறிய வேதாந்தம் படிக்க வேண்டியதில்லை. மண்டை ஒரே எலும்பாலானதன்று. பல எலும்புகள் ஒன்றோடொன்று பல் பல்லாகப் பொருந்தியிருக்கும் மூட்டுகளே அக்கோடுகள். பிறந்த குழந்தைக்கு அம்மூட்டுகள் இறுகாமல் நெகிழ்ந்திருக்கும். ஏனெனில் உள்ளே மூளை வளர வேண்டும். அது வளர வளர மண்டையும் விரிந்து கொடுக்க வேண்டும். மனிதன் வளர்வதற்கென்று இயற்கை விட்டுவைத்த இடைவெளியையே, மனிதன் இதற்குமேல் வளர முடியாது என்பதற்குச் சாசனமாகக் காட்டிய சாமர்த்தியத்தை என்னென்பது!

நிற்க, மண்டையின் வெளியே இருப்பது எழுத்தன்று என்பது பழைய செய்தி. மண்டையைத் திறக்காமலே, உயிரோடிருக்கும் மனிதனின் மூளை எண்ணும்போதும் பேசும்போதும் அஞ்சும்போதும் எவ்விதம் வேலை செய்கிறது என்று பார்க்கக்கூடிய யந்திரம் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அந்த யந்திரம் கண்டதென்ன, காணாததென்ன என்பதை நம் தோட்டத்து மக்களும் நகரத்து மக்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். தெரிந்துகொள்ளாவிட்டால் நஷ்டம் இரண்டு: பழைய பூசாரியிடம் ஏமாறுவது ஒன்று, அதே யந்திரத்தின் பெயரைச் சொல்லிவரும் புதிய பூசாரியிடம் ஏமாறுவது மற்றொன்று.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் 'எம்.ஆர்.ஐ. ஸ்கேன்' என்று சொல்லும் காந்த யந்திரத்தைக் கேள்விப்பட்டிருப்பார்கள். நோயாளியைப் படுக்கவைத்து ஒரு குழாய்க்குள் செலுத்துவார்கள். டமடமவென்று சத்தம் கேட்கும். உள்ளே இருப்பது காந்தம். மூளை ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் பயன்படும் மூன்று டெஸ்லா காந்தத்தின் வலிமை, பூமியின் காந்த வலிமையைப்போல் ஐம்பதாயிரம் மடங்கிற்கும் மேற்பட்டது. நம் உடம்பிலுள்ள தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களில் ஒரு பகுதி அக்காந்தத்துக்கு இணங்கி ஒரு முகமாகச் சாய்கின்றன. ரேடியோ அலையால் அவற்றைத் தட்டினால், அவை மீண்டும் நிலைக்கு வரும்போது ஒரு மெல்லிய குறிப்பைத் திருப்பி அனுப்புகின்றன. அக்குறிப்புகளைக் கணக்கிட்டு உள்ளுறுப்பின் படத்தை வரைகிறார்கள். இவ்வழிக்கு அடிகோலிய பால் லாட்டர்பரும் பீட்டர் மான்ஸ்பீல்டும் 2003ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்கள்.

இது மூளையின் உருவத்தைக் காட்டும் படம். மூளையின் வேலையைக் காட்டுவது எப்படி? இங்கேதான் இரத்தம் சாட்சி சொல்ல வருகிறது. பிராணவாயு ஏற்றிய இரத்தமும் அதை இறக்கிவிட்ட இரத்தமும் காந்தத்தின் முன் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை என்பதை 1936ஆம் ஆண்டிலேயே லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் கண்டு சொன்னார்கள். அந்த வேற்றுமையைக் கொண்டே மூளையின் வேலையைப் படம் பிடிக்கலாம் என்று 1990இல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையிலிருந்த ஜப்பானியராகிய செய்ஜி ஒகாவா எலிகளிடத்துக் காட்டினார். 1992இல் மனிதரிடத்தும் அது காட்டப்பட்டது. உடம்பின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கேயுள்ள மூளை, உடம்பு செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. அதன் எந்தப் பகுதி அதிகம் உழைக்கிறதோ, அந்தப் பகுதிக்குச் சில நொடிகளில் புது இரத்தம் அதிகமாகப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலைத்தான் யந்திரம் காண்கிறது.

தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்திருக்கும் கிராணி, செம்பனைக் காட்டில் யார் எப்படிக் குலை வெட்டுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்ப்பதில்லை. எந்தப் பகுதிக்கு எத்தனை லாரி போயிற்று, எவ்வளவு டீசல் செலவாயிற்று என்னும் கணக்கைப் பார்த்து, இன்று அங்கே வேலை மும்முரம் என்று தெரிந்துகொள்கிறான். இந்த யந்திரமும் மூளையின் கிராணியேயன்றி வேறில்லை. கிராணியின் கணக்கு மிகவும் பயனுள்ளது. ஆனால் லாரி போன கணக்கைக் கொண்டு, அங்கே குலை வெட்டினவன் என்ன பாட்டுப் பாடினான் என்று ஒரு கிராணி சொல்லத் துணிந்தால், அவனைப் பொய்யன் என்றே சொல்ல வேண்டும். இந்த உவமையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளக் கோருகிறோம், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி, யந்திரம் கண்டவற்றுள் நமக்கு மிகவும் வேண்டியதைப் பார்ப்போம். நமது தோட்டங்களில் ஒருவனுக்கு யாரும் பேசாதபோதே குரல் கேட்கத் தொடங்கினால், ஜனங்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். 'காற்றுக் கருப்பு அடித்துவிட்டது' என்பது ஒரு கட்சி. 'வேலைக்குப் போகாமலிருக்க வேஷம் போடுகிறான்' என்பது மற்றொரு கட்சி. முதற்கட்சி அவனைப் பூசாரியிடம் இழுத்துப்போய் வேப்பிலையாலும் சவுக்காலும் அடிக்கும். இரண்டாம் கட்சி வாயால் அடிக்கும். 1999ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியில், இவ்விதம் குரல் கேட்கும் சில நோயாளிகளை இந்த யந்திரத்துக்குள் படுக்கவைத்து, குரல் கேட்கும்போது ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே யாரும் பேசாதிருந்தும், அக்குரல் கேட்ட சமயத்தில் அவர்களுடைய மூளையில், மெய்யான ஓசையைக் கேட்கும் பகுதியே சுறுசுறுப்படைந்திருந்தது. ஆகவே அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு மெய்யாகவே கேட்கிறது. ஆனால் பேசுவது முனியுமன்று, செத்துப்போன அத்தையுமன்று. அவனுடைய நோயுற்ற மூளையே தனக்குத் தானே ஓசையை உண்டாக்கிக்கொள்கிறது. இரண்டு கட்சியின் தீர்ப்பும் ஒரே சோதனையில் தள்ளுபடியாகிவிட்டது.

பேய் என்றதும் மற்றொரு பேய் ஞாபகத்துக்கு வருகிறது. விபத்தில் கை இழந்தவர்கள் சிலர், இல்லாத அந்தக் கை இன்னும் இருப்பதாகவும் வலிப்பதாகவும் சொல்லுவார்கள். 1951இல் தமிழ்நாட்டிற் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் அமெரிக்காவிற் புகழ்பெற்ற வி. எஸ். ராமச்சந்திரன் இதை ஆராய்ந்தார். மூளை எழுப்பும் நுண்ணிய காந்த அலைகளை அளக்கும் வேறொரு யந்திரத்தைக் கொண்டு, அவரும் தோழர்களும் 1994இல் கண்டது இது: கையின் செய்தியைப் பெற்றுவந்த மூளைப் பகுதி சும்மா கிடக்கவில்லை, அதற்குப் பக்கத்திலுள்ள முகத்தின் செய்தி அங்கே குடியேறிவிட்டது. முகத்தைத் தொட்டால் இல்லாத கையில் தொட்டதுபோல் சிலருக்குத் தோன்றுவதற்கு இதுவே காரணம் என்று விளக்கினார். சாதாரணக் கண்ணாடி ஒன்றை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கைபோல் காணச் செய்து, சிலருடைய வலியைத் தணிக்கவும் செய்தார். கோழி அறுக்கவில்லை, எலுமிச்சம்பழம் நறுக்கவில்லை. காரணத்தைத் தேடினார்; கண்டார்.

காரணத்தைத் தேடாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அதே தமிழ்நாட்டில் ஓர் ஊரின் பெயரைச் சொன்னாற் போதும்: ஏர்வாடி. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6ஆம் தேதி, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவரப்பட்ட மனநோயாளிகளைப் பணத்துக்கு வைத்துக் காத்த தனியார் விடுதி ஒன்று தீப்பற்றி எரிந்தது. நோயாளிகளைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது தீ என்று சொல்வது பாதி உண்மை. பைத்தியம் நோயன்று, பேய் என்று சொல்லிச் சங்கிலி மாட்டிய நம்பிக்கையே மற்றப் பாதி. இந்து என்றும் முஸ்லிம் என்றும் கிறிஸ்தவர் என்றும் பேதமில்லாமல் எல்லா மதத்தாரும் தங்கள் நோயாளிகளை அங்கே கொண்டுபோனார்கள். மற்றெதிலும் ஒன்றுபடாதவர்கள் இந்த ஒரு மூடத்தனத்தில் ஒன்றுபட்டது என்ன விந்தை!

கடல் கடந்து வந்த நாம் மட்டும் திருந்திவிட்டோமா? நமது பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்குப் பக்கத்தில், தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் மனநோய் ஆஸ்பத்திரி ஒன்று திறக்கப்பட்டது. இன்று அதற்கு உலு கிந்தா பஹாகியா ஆஸ்பத்திரி என்று பெயர். 'பஹாகியா' என்றால் மலாய் மொழியில் மகிழ்ச்சி. நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஜனங்களுக்கு மருந்து கொடுத்துவரும் அந்த ஊரின் பெயரை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? ஒருவனைத் திட்ட வேண்டுமானால் 'உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டும்' என்கிறோம். ஈரல் கெட்டவனை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது அவமானமன்று. மூளை கெட்டவனைப் பத்து மைல் தள்ளி அனுப்புவது மட்டும் குடும்பத்துக்கே அவமானமாம்! பெண் கொடுக்கமாட்டார்களாம், பெண் எடுக்கமாட்டார்களாம். ஆகையால் பின்கட்டில் பூட்டிவைப்பார்கள். மந்திரவாதிக்குக் கடன் வாங்கியாவது கொடுப்பார்கள். எல்லாம் முற்றி, போலீசு வந்து ஏற்றிக்கொண்டு போகும் நாளில்தான் ஆஸ்பத்திரியின் வாசலைக் காண்பார்கள். நோய் முற்றியபின் கொண்டுபோய், 'அங்கே போனவர்கள் குணமானதில்லை' என்று ஆஸ்பத்திரியின்மேல் பழி சொல்லுவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரஜைகளுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட்டுதான் என்பதை இவர்கள் அறியாதவர்களல்லர்.

காக்கை வலிப்பின் கதையும் இதுவே. இது தெய்வ குற்றமன்று, மூளையிலிருந்து வரும் நோய் என்று கிரேக்க வைத்தியத்தின் தந்தை ஹிப்போகிரட்டஸின் பெயரால் வழங்கும் நூல் ஏறக்குறைய 2400 ஆண்டுகளுக்கு முன்பே வாதாடிற்று. இன்று உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென்றும், தக்க வைத்தியம் கிடைத்தால் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்றும் உலகச் சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. மருந்துக்கு அடங்காத சிலருக்கு மூளையில் சத்திர சிகிச்சை செய்ய நேர்ந்தால், பேச்சுக்கும் கைகால் அசைவுக்கும் உரிய பகுதிகள் எங்கே இருக்கின்றன என்று இந்தக் காந்த யந்திரத்தால் முன்னதாகவே பார்த்துக்கொண்டு, அவற்றைக் காப்பாற்றிக் கத்தி வைக்கிறார்கள். நாமோ இன்னும் கையில் இரும்புச் சாவியைத் திணித்துக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவு சொன்னதும் எதிர்க்கட்சியார் சும்மா இருக்கமாட்டார்கள். 'எங்கள் பூசாரி மந்திரித்ததும் வலிப்பு நின்றதே, நாங்கள் கண்ணால் கண்டோமே!' என்பார்கள். வலிப்பு பெரும்பாலும் இரண்டொரு நிமிஷத்தில் தானே நின்றுவிடும். பூசாரி வந்தாலும் நிற்கும், வராவிட்டாலும் நிற்கும். ஐந்து நிமிஷமாகியும் நிற்கவில்லையானால் அது உயிருக்கே ஆபத்து. அப்போது வேண்டியது ஆம்புலன்சு, விபூதியன்று. 'நம்பிக்கையால் வலி குறைகிறதே' என்பார்கள். குறைகிறது, யாம் மறுக்கவில்லை. 2004இல் நடந்த ஓர் ஆராய்ச்சியில், வெறும் களிம்பை வலி தீர்க்கும் மருந்தென்று சொல்லித் தடவினபோது, மூளையில் வலிக்குச் சம்பந்தமான பகுதிகளின் வேலை குறைந்ததை இதே யந்திரம் காட்டிற்று. ஆகவே விபூதியின் மகிமை விபூதியில் இல்லை; பூசிக்கொண்டவனுடைய மூளையில் இருக்கிறது என்று ஏற்பட்டுவிட்டது. அந்த மகிமையும் வலியைச் சற்றுக் குறைக்குமேயன்றி, வலிப்பை நிறுத்தாது.

இன்னும் சிலர், 'நம் பெரியோர்கள் மனம் நெஞ்சில் இருப்பதாகவல்லவோ பாடினார்கள்? நீங்கள் மூளை மூளை என்கிறீர்களே' என்று இலக்கியத்தைத் துணைக்கழைப்பார்கள். வள்ளுவர் 'நெஞ்சொடு கிளத்தல்' என ஓர் அதிகாரமே வகுத்தார், மெய்தான். கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டிலும் அறிவின் இருப்பிடம் இருதயம் என்றே எண்ணினார். காதலன் நெஞ்சோடு பேசுவது கவிதை. அதில் யாதொரு குற்றமும் இல்லை. அதை எடுத்துக்கொண்டுபோய் வைத்தியப் புத்தகமாக்குவதுதான் குற்றம். மனத்தை ஆறாவது அறிவாக வைத்து, மனிதனை மற்ற உயிர்களினின்றும் பிரித்துக் காட்டிய தொல்காப்பியர் பரம்பரையில் வந்தவர்கள், அந்த ஆறாவது அறிவுக்கு நோய் வந்தால் மட்டும் ஐந்தறிவுள்ள கோழியை அறுப்பது தொல்காப்பியருக்குச் செய்யும் மரியாதையாகுமா?

யந்திரத்தின் பெருமையைக் காட்ட மற்றொரு செய்தி. 2006ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஏட்ரியன் ஓவன் என்னும் ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும், மோட்டார் விபத்தில் அடிபட்டு, கண் திறந்தும் யாதொரு உணர்வும் காட்டாமல் கிடந்த 23 வயதுப் பெண்ணொருத்தியை இந்த யந்திரத்தில் வைத்து, 'டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்', 'உன் வீட்டு அறைகளில் நடப்பதாக நினைத்துக்கொள்' என்று சொன்னார்கள். நல்ல உடம்புள்ளவர்களுக்கு எந்தெந்தப் பகுதிகள் வேலை செய்யுமோ, அந்தந்தப் பகுதிகளே அவளுக்கும் வேலை செய்தன. பிணம்போற் கிடந்தவள் கேட்டுக்கொண்டிருந்தாள்! 2010இல் இவ்வகை நோயாளிகள் 54 பேரைச் சோதித்ததில் ஐவர் இவ்வாறு மனத்தால் பதில் காட்டினார்கள். எந்த ஜோசியனும் காணாத உயிரை யந்திரம் கண்டது. 54 பேரில் ஐவர்தாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்களே, அதுதான் விஞ்ஞானத்துக்கும் ஜோசியத்துக்கும் உள்ள வித்தியாசம்.

இஃதிவ்வாறிருக்க, இந்த யந்திரத்தின் நிழலில் ஒரு புதுக் கூட்டம் கடை பரப்பியிருப்பதை இனிக் கவனிக்க வேண்டும். பழைய ஜோசியனிடம் தோட்டத்து ஏழை ஏமாறுகிறான். புதிய ஜோசியனிடம் ஏமாறுகிறவர் யார்? ஆங்கிலப் பள்ளியிற் படித்து, ஆபீசு வேலை பார்த்து, பூசாரியைக் கண்டு சிரிக்கும் நம் போன்ற வகுப்பாரே! 'நடுமூளையை எழுப்புகிறோம், உங்கள் பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டே புத்தகம் வாசிக்கும்' என்று தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் விளம்பரம் செய்து, பிள்ளை ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான ரிங்கிட் வாங்கினார்கள். நடுமூளை என்பது மூளைத் தண்டின் சிறு பகுதி. கண்ணசைவு முதலிய காரியங்களைப் பார்ப்பது. நம் பிள்ளைகளுக்கு அது பிறந்த நாள் முதல் விழித்தேயிருக்கிறது. மங்களூர்ப் பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் இவ்வித்தையை வெளிப்படையாகச் சோதித்துக் குட்டை உடைத்தார். பிள்ளைகள் மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பார்க்கிறார்கள் என்பதுதான் அதன் ரகசியம். பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கப் பணம் கட்டிய பெற்றோர்களை உலகம் இதற்குமுன் கண்டிருக்கிறதா?

இன்னொருவன் விரல் ரேகையைப் பார்த்து மூளையின் கூறுகளைச் சொல்கிறேன் என்கிறான். கைரேகை ஜோசியன் கோட்டுப் போட்டுக்கொண்டான் என்பதைத் தவிர இதில் வேறு புதுமை இல்லை. மற்றொருவன் 'உங்கள் பிள்ளை வலப்பக்க மூளைக்காரன், இது இடப்பக்க மூளைக்காரி' என்று முத்திரை குத்துகிறான். 2013இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் 1,011 பேருடைய மூளைப் படங்களை ஆராய்ந்து, ஒருபக்க மூளையே மேலோங்கிய மனிதர் என்று ஒரு வகுப்பு இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று கூறினார்கள். மனிதன் மூளையில் பத்தில் ஒரு பங்கையே உபயோகிக்கிறான் என்பதும் இவ்வியாபாரிகளின் மூலதனமான பொய். மூளையில் சும்மா கிடக்கும் தரிசு நிலம் கிடையாது.

மெய்யான யந்திரமும் தவறான கணக்கனிடம் அகப்பட்டால் பொய் சொல்லும். இதை விஞ்ஞானிகளே காட்டினார்கள். 2009இல் கிரெய்க் பென்னெட் என்பவரும் தோழர்களும் கடையில் வாங்கிய செத்த சால்மன் மீன் ஒன்றை யந்திரத்தில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, 'இவர்களுடைய உணர்ச்சி என்ன?' என்று கேட்டார்கள். கணக்கைச் சரியாகத் திருத்தாமல் பார்த்தபோது, செத்த மீனின் மூளையும் சிந்திப்பதுபோல் ஒரு புள்ளி தெரிந்தது! கணக்கைத் திருத்தியதும் புள்ளி மறைந்தது. 2012இல் அவர்களுக்கு 'இக் நோபல்' என்னும் வேடிக்கைப் பரிசும் கிடைத்தது. மேலும், மனிதருக்கு மனிதர் உள்ள குணபேதத்தை மூளைப் படத்தோடு பொருத்த வேண்டுமானால், பத்துப் பேர் இருபது பேர் போதாது, ஆயிரக்கணக்கானோர் வேண்டும் என்று 2022இல் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்று எச்சரித்தது. அப்படியிருக்க, ஒரே ஒரு பிள்ளையின் மண்டையைப் பார்த்து, இவன் வைத்தியனாவான், இவன் மக்கு என்று சொல்பவன் யார்? லாரிக் கணக்கைக் கொண்டு பாட்டைச் சொல்லும் கிராணி அவனேயன்றோ!

சர்க்கார் கையிலும் இந்தப் பிரமை அபாயமானது. மூளையைச் சோதித்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்று இந்தியப் போலீசார் சிலகாலம் நம்பினார்கள். 'செல்வி எதிர் கர்நாடக மாநிலம்' என்னும் வழக்கில் 2010 மே 5ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம், ஒருவனுடைய சம்மதமின்றி அவன் மூளையைச் சோதிப்பது, தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி அவனை வற்புறுத்துவதாகும். அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. தலைக்குள் இருப்பது தலைக்குரியவனுக்கே சொந்தம். பிரம்மாவுக்கும் சொந்தமன்று, போலீசுக்கும் சொந்தமன்று.

அப்படியானால் தலையில் எழுத்தே கிடையாதா? உண்டு. அதைத்தான் கடைசியில் சொல்ல வைத்திருக்கிறோம். வட இந்தியாவில் லக்னோவைச் சுற்றியுள்ள கிராமங்களில், எழுத்தறியாதிருந்த, முப்பது வயதை ஒட்டிய, பெரும்பாலும் பெண்களான சிலருக்கு ஆறு மாதம் ஹிந்தி எழுத்து வாசிக்கக் கற்றுக்கொடுத்து, முன்னும் பின்னும் இதே காந்த யந்திரத்தால் பார்த்தார்கள். 2017இல் முடிவு வெளியாயிற்று. படித்த 21 பேருடைய மூளையில், பார்வைக்குரிய பகுதிக்கும் அடியிலுள்ள மூளைத் தண்டு முதலிய பகுதிகளுக்கும் இடையே இசைவு வளர்ந்திருந்தது. படிக்காத 9 பேரிடம் அம்மாறுதல் காணப்படவில்லை. இது சிறு தொகை என்று சொல்வார்களானால், ஒப்புக்கொள்கிறோம். மற்றுமொரு சான்றைப் பாருங்கள். பிரேசிலிலும் போர்த்துக்கலிலும் 63 பேரைப் பார்த்து 2010இல் வெளியான ஆராய்ச்சியில், எழுத்தறிந்தவருடைய மூளையின் இடப்புறத்தில் எழுத்துக்கென்றே ஒரு பகுதி பழகியிருந்தது. சிறுவயதில் பள்ளி காணாமல் பெரியவரானபின் படித்தவர்களிடத்தும் அப்பகுதி எழுத்துக்கு இணங்கியிருந்தது. ஆகவே தலையெழுத்து என்பது தலையின்மேல் முன்கூட்டி எழுதப்பட்டதன்று. தலைக்குள் பின்னால் எழுதப்படுவது. எழுதுபவர் பிரம்மாவல்லர்; தமிழ்ப் பள்ளி ஆசிரியர். எழுதுகோல் சரஸ்வதியின் வீணையன்று. ஒரு ரிங்கிட் பென்சில்.

நமது மலேசியாவிலும் கிளந்தான் குபாங் கெரியானிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் மூளை ஆராய்ச்சி நடந்துவருகிறது. அங்கே நம் பிள்ளைகள் ஆராய்ச்சியாளராகப் போக வேண்டுமா, அல்லது நம் நோயாளிகள் மட்டும் காலங்கடந்து போக வேண்டுமா என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும்.

ஆகையால் தோட்டத்து ஆலய நிர்வாகத்தாரையும், நகரத்துச் சங்கத்தாரையும், பள்ளிப் பெற்றோர் சங்கத்தாரையும் பகிரங்கமாகவே கேட்கிறோம். திருவிழாவுக்கு அச்சடிக்கும் நோட்டீசில், வலிப்பும் மனநோயும் உள்ளவர்களை எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த நாளில் கொண்டுபோவது என்று நான்கு வரி அச்சிட்டால் எந்தச் சாமி கோபித்துக்கொள்ளும்? மாதம் இருமுறை ஒரு வேன் அமர்த்தி, தோட்டத்து நோயாளிகளை உலு கிந்தாவுக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவர ஒரு நாள் வாணவேடிக்கைச் செலவு போதாதா? நடுமூளை வியாபாரிக்கு மண்டபம் வாடகைக்கு விடும் சங்கங்கள், அதே மண்டபத்தில் எழுத்தறியாத தாய்மார்களுக்கு இரவுப் பள்ளி நடத்த வெட்கப்படுவானேன்? 'தஞ்சோங் ரம்புத்தான்' என்று பிறரைத் திட்டும் வாய்கள் இன்றோடு அந்தத் திட்டை விட்டுவிட எவ்வளவு செலவாகும்?

காந்தம் இரும்பை இழுக்கும் என்று எல்லோரும் அறிவார்கள். அது உயிருள்ள மூளையின் வேலையையும் நமக்குக் காட்டியிருக்கிறது. அங்கே பேய் இல்லை, விதி இல்லை, ஜாதியும் இல்லை. 8,600 கோடி நரம்பணுக்களும், அவற்றுக்கு ஓடும் இரத்தமும், அவை கற்றுக்கொள்ளும் சக்தியுமே இருக்கின்றன. அவற்றுக்கு நோய் வந்தால் மருந்து கொடுப்போம். நோயில்லாதபோது எழுத்துக் கொடுப்போம். இவ்விரண்டையும் செய்யாமல் இனிமேலும் 'தலையெழுத்து' என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க யந்திரம் வேண்டியதில்லை.